அரைப் பல் வித்தியாசம்

என் கல்யாணம் கொஞ்ச நாள் ஒரு அரைப் பல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. மனிதப் பல் இல்லை, தபால்தலையின் பல்.

தபால்தலையின் நான்கு ஓரத்திலும் வரிசையாகப் பல் மாதிரி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அச்சடித்த தாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தெடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இயந்திரத்தால் ஓட்டை போட்டிருப்பார்கள். கிழித்ததும் பாதி ஓட்டை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போய்விடும். நடுவில் துருத்திக்கொண்டு நிற்பது பல். சாதாரண மனிதர்களுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. தபால்தலை சேர்க்கிறவர்கள் மட்டும் அதை எண்ணுவார்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை ஓட்டை என்பது கணக்கு. ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை. ஆனால் ஒன்றில் பதிமூன்று இருக்கும், இன்னொன்றில் பதிமூன்றரை. இயந்திரம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த அரைக்காகச் சோறு தண்ணீரை மறக்கிறவர்கள் உண்டு. அப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்தேன், அப்படியே இன்னொருவருக்கு மருமகளாகப் போக ஆசைப்பட்டேன். இதை எந்த ஜோசியரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவுக்கு வேன் ஓட்டியவர். அங்கே தங்கியிருந்தவர்களுக்கு எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். கடிதம் அவர்களுக்கு, உறை அப்பாவுக்கு. இடுப்பு வலி வந்து ஓட்டுவதை விட்ட பிறகும் உறைகள் வருவது நிற்கவில்லை. ஊரில் யார் வீட்டுக்கு வெளிநாட்டுத் தபால் வந்தாலும் அந்த உறை சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

கொடைக்கானலில் தாள் சேர்ப்பது லேசான காரியமில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக நேரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தபால்தலையின் பின்பக்கப் பசை தானாக ஊறி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் அசந்தால் பூஞ்சணம். அதனால் ஆல்பம் இருக்கும் அலமாரிக்குள் அப்பா ஒரு சின்ன பல்பைப் பொருத்தியிருந்தார். வருஷம் முழுக்க எரியும். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு ஹீட்டர் கிடையாது, தபால்தலைகளுக்கு உண்டு. "அடுத்த பொறப்புலயாவது நா ஆல்பமாப் பொறக்கணும்" என்று அம்மா குளிர்காலம்தோறும் வேண்டிக்கொள்வாள்.

அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஈரக் கையோடு தொடக் கூடாது. மலையில் யார் கை எப்போது முழுசாகக் காய்ந்திருக்கிறது? முந்தானையில் துடைத்து, கணப்பு அடுப்பில் காட்டி, அப்பாவிடம் உள்ளங்கையை நீட்டிக் காண்பித்து, அவர் தலையசைத்த பிறகுதான் ஆல்பத்தின் பக்கம் போகலாம். மறந்து கையை நீட்டினால் "ஈரக் கை!" என்று ஒரு கத்தல் கத்துவார். வேன் ஓட்டியபோது குறுக்கே காட்டுமாடு வந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

பல்லை எண்ணுவதற்கு அவரிடம் ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தது. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். அதில் புள்ளி வரிசைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சிட்டிருக்கும், ஒவ்வொரு வரிசைக்குப் பக்கத்திலும் ஒரு எண். தபால்தலையின் மேல் தகட்டை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், எந்த வரிசையின் புள்ளிகள் ஓட்டைகளில் சரியாக உட்காருகின்றனவோ அந்த வரிசையின் எண்தான் விடை. ஓரத்தில் பத்து சென்டிமீட்டருக்கு அளவுகோலும் உண்டு. அப்பா அதைப் பல்லுத் தகடு என்பார். மற்றவர்கள் வீட்டில் சாமி படத்துக்கு இருக்கும் மரியாதை எங்கள் வீட்டில் அதற்கு இருந்தது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் அளக்கிற புத்தி எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஏழுரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடி போட வருகிறவர்களின் ஒரு கருவிழிக்கும் இன்னொரு கருவிழிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து அளப்பது என் வேலை. அது தவறினால் கண்ணாடி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் தலைவலிதான்.

அந்தக் கடைக்குத்தான் அவர் வந்தார். மலைக்குக் கீழே இருக்கும் கன்னிவாடிக்காரர். அங்கே அவருடைய அப்பாவுக்கு விதைக்கடை. மன்னவனூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குக் காய்கறி விதை கொண்டுபோய்க் கொடுக்க அவ்வப்போது மலையேறுவார். அன்றைக்குப் பெருமாள்மலையில் டீ குடிக்கும்போது ஆவி படிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில் வைத்திருக்கிறார். பஸ்காரர் ஆரன் அடித்ததும் டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியை விட்டுவிட்டு ஏறிவிட்டார். இப்படிப்பட்ட ஆளை நம்பி யாராவது பெண் கொடுப்பார்களா என்று அப்போது நினைத்தேன். கொடுக்கச் சொல்லி நானே சண்டை போடப் போவது அப்போது தெரியாது.

"என் இடது கண்ணப் பாருங்க" என்றேன். அளப்பதற்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். பார்த்தார். அளந்து, எழுதி, ஸ்கேலை எடுத்துவிட்ட பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன பேசுவது என்று தெரியாமல், வாடிக்கையாளர் ஒருவர் அப்பாவுக்காகக் கொடுத்திருந்த உறையை எடுத்துத் தபால்தலையை வெட்ட ஆரம்பித்தேன்.

"ஏங்க, சுத்தி எடம் விட்டு வெட்டுங்க. பல்லு போயிரும்" என்றார் அவர்.

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பல் என்று சொல்கிற இன்னொரு வீடு இந்தத் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறதா? இருந்தது. அவருடைய அப்பாவும் சேர்க்கிறவர். விதை மூட்டைகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஆல்பம், வெயிலில் பசை உருகுகிறதே என்று அவருக்கு நேர் எதிர்க் கவலை.

அதற்குப் பிறகு மலையேறும்போதெல்லாம் கண்ணாடியைச் சரிபார்க்க வந்தார், கடைசியில் இருவரும் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டோம். எங்கள் இரண்டு குடும்பமும் சொந்தமில்லை, முன்னே பின்னே தெரிந்தவர்களும் இல்லை. பொண்ணைக் கீழே வெயிலில் கொண்டுபோய்த் தள்ளுவதா என்று அம்மா. மலைப் பொண்ணு கன்னிவாடிப் புழுக்கத்தில் ஒரு சித்திரை தாங்குமா என்று அவருடைய அம்மா. தபால்தலை விஷயம் தெரிந்த பிறகுதான் பேச்சே நகர்ந்தது. இரண்டு அப்பாக்களும் போனில் மணிக்கணக்காகப் பேசினார்கள், அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். கடைசியில் அவருடைய அப்பாவே, "ஞாயித்துக்கெழம வர்றோம். பொண்ணப் பாத்த கையோட அன்னிக்கே கை நனைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

கை நனைப்பது எங்கள் பக்கம் பெரிய விஷயம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். ஆனால் இலை போட்டுச் சோறு பிசைந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறுவது அழகில்லை.

அது ஐப்பசி. வெயிலைக் கண்டு பல நாளாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று அம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டிக் கழுவினாள். கழுவியதைக் காயவைக்க வெயில் எங்கே? எங்கள் ஊரில் ஐப்பசியில் எல்லாமே கணப்புக்கு மேல்தான் காயும். கரி கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கு மேலே ஒரு கம்பி வலை கட்டியிருப்போம். அன்றைக்கு அதில் தலையணை உறை, சாக்ஸ், ஊறிப்போன கொத்தமல்லி, பிசுக்கு போகச் சோப்பு போட்டுக் கழுவிய அப்பாவின் பல்லுத் தகடு, என் ரவிக்கை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. காய்ந்ததும் அம்மா எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை மூவரும் வந்தார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்திருந்த அவருடைய அம்மாவுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து உட்காரவைத்தோம். அவருடைய அப்பா பருத்த மனிதர். சந்தை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் சின்ன ஹாலிலும் அதே குரலில்தான் பேசினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், நிலக்கோட்டை மல்லிகை. அதன் நடுவே ஒரு சின்ன பட்டர் பேப்பர் உறை.

"நக நட்டு யாரு வேணும்னாலும் குடுப்பாங்க" என்றார். "இது மருமகளுக்கு. சாதாரணப் பச்ச ஸ்டாம்புதான், ஊரெல்லாம் கெடக்கு. ஆனா எல்லாம் பதிமூணு பல்லு. இது பதிமூன்றர. எங்கிட்ட ரெண்டே ரெண்டு இருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மருமகளுக்கு."

எந்தத் தபால்தலை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் சேகரிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு ஒரு சண்டை போதும். அந்த நிமிஷம் என் காதில் விழுந்ததெல்லாம் மருமகள் என்ற வார்த்தைதான். கண் கலங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், புதுக் கண்ணாடியோடு.

அப்பா எழுந்தார். கையைத் துடைத்தார். இடுக்கியை எடுத்தார், லென்ஸை எடுத்தார், பல்லுத் தகட்டை எடுத்தார். பூவைக் கொடுத்தால் முகர்கிறோம், குழந்தையைக் கொடுத்தால் கன்னத்தைத் தொடுகிறோம். தபால்தலையைக் கொடுத்தால் அப்பா அளப்பார். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை என்று சத்தியம் செய்வேன். அன்றைக்கு மட்டும் அவர் கையைப் பிடித்து உட்காரவைக்க எனக்குத் தோன்றவில்லை. மேலோரத்தை அளந்தார், பக்கத்து ஓரத்தை அளந்தார், திரும்ப மேலோரத்தை அளந்தார். ஹாலில் மல்லிகை வாசனையைத் தவிர எதுவும் நகரவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் அப்பா. "இது பதிமூணுதாங்க."

அவருடைய அப்பாவின் முகம் சிறுத்துப்போனது. "நல்லாப் பாருங்க சார்."

"நல்லாத்தாங்க பாத்தேன். பதிமூணு."

நிலைமையை லேசாக்க வேண்டும் என்று அம்மா சமையலறையிலிருந்தே ஒரு பழமொழியை எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி உண்டு. "நல்லாருக்குங்க ஒங்க கூத்து! தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்த கதையாவுல்ல இருக்கு!"

அம்மா திட்டியது அப்பாவைத்தான். தபால்தலைக்கும் பல், மாட்டுக்கும் பல், பழமொழி இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் எங்கேயும் உட்கார்ந்திருக்காது. ஆனால் விருந்தாளியின் காதில் பல் விழவில்லை, தானம் விழுந்தது.

"தானமாங்க?" என்றார் அவர். அந்தப் பெரிய குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "நா தானங் குடுக்க வரலீங்க. மருமகளுக்குச் சீர் கொண்டாந்தேன்."

அம்மா கரண்டியோடு ஓடிவந்து என்னென்னவோ சொன்னாள். அப்பா மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, லென்ஸை நீட்டி, "நீங்களே ஒருக்கா பாருங்க சார்" என்றார். அதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்ற ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"மூட்டம் போட்டிருச்சு. வெரசா எறங்குனாத்தான் வெளிச்சத்தோட வீடு போய்ச் சேரலாம்" என்று அவருடைய அப்பா எழுந்தார். வெளியே மூட்டம் எல்லா நாளையும் போலத்தான் இருந்தது. உள்ளே இலை போட்டிருந்தது. பூண்டுக் குழம்பு, கேரட் பொரியல், பாயசம் எல்லாம் தயாராக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மூவரும் கை நனைக்காமல் படியிறங்கினார்கள். தபால்தலையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அப்பா சொன்னதற்கு, "குடுத்தத வாங்குற வழக்கம் எங்க வீட்ல இல்லீங்க" என்று பதில் வந்தது. அவர் மட்டும் வாசலில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கடைக்கு அவர் போன் வந்தது.

"அப்பா பேசவே மாட்டேங்குறாரு. நா சொன்ன சொல்ல தகடு வச்சு அளக்குற வீட்ல சம்பந்தம் வேணாம்ங்குறாரு. நா கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கிறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

"விட்டுப் பிடிக்கிறதுக்கு இது என்ன காத்தாடியா?" என்று போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, அதற்காகவே இன்னும் கோபப்படுவேன்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "பல்ல எண்ணுனீங்களே, பக்கத்துல நின்ன எம் மொகத்த ஒருக்காப் பாத்தீங்களா?"

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "பொய் சொல்லச் சொல்றியா தாயி?" என்றார். "பதிமூண எப்பிடிப் பதிமூன்றரைன்னு சொல்றது? அந்த மனுசன் என்னிய மாதிரி ஆளு. நா தெரிஞ்சே பொய் சொன்னா, நாளைக்கி அவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தவறு செய்தவர் யாராவது இருந்தால் அவரிடம் சண்டை போட்டு முடித்துவிடலாம். எல்லோரும் சரியாக இருந்து என் கல்யாணம் மட்டும் நின்றால் நான் யாரிடம் போவேன்? அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டீக்கடை பெஞ்சில் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிற அந்த மனிதரோடு இருந்தால் ஆயுசுக்கும் சிரித்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதை அரைப் பல்லுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் அப்பா அலமாரிப் பக்கமே போகவில்லை. உள்ளே பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மாலை கடையிலிருந்து வந்தபோது மேஜைமேல் பல்லுத் தகடு கிடந்ததைப் பார்த்தேன். என்ன வேகம் வந்ததோ, இரண்டாக உடைத்துக் கணப்பில் போட்டுவிடுவது என்று பாய்ந்து எடுத்தேன். வளைத்தேன். உடையவில்லை. ஆத்திரத்தில் மேஜைமேல் அடித்துப் போட்டேன். விழுந்த தகடு படியாமல் ஆடியது. ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது.

தட்டையான தகடு எப்படி ஆடும்? குனிந்து பார்த்தேன். ஓரம் மிக லேசாக அலை அலையாக நெளிந்திருந்தது. கைப்பையில் கண் அளக்கும் என் ஸ்கேல் இருந்தது. எடுத்துத் தகட்டின் ஓரத்து அளவுகோலோடு சேர்த்து வைத்தேன். ஆரம்பத்தில் கோடும் கோடும் ஒட்டித்தான் நின்றன. போகப்போகப் பிரிந்தன. தகட்டில் பத்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்த கோடு, என் ஸ்கேலில் ஒன்பதரையைக் கொஞ்சம் தாண்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"அப்பா!" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அப்பா வந்து பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அலமாரியைத் திறந்து, பலமுறை அளந்து பதிமூன்று என்று அவருக்கு மனப்பாடமான தன் பச்சைத் தபால்தலையை இடுக்கியால் எடுத்துத் தகட்டுக்கு அடியில் வைத்தார். புள்ளிகள் போய் உட்கார்ந்தது பன்னிரண்டரையில்.

"பன்னெண்டரையா? இந்தப் பச்சையில அப்பிடி ஒரு ஸ்டாம்பு கெடையவே கெடையாதே" என்றார்.

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "அன்னைக்கு நாந்தான் கழுவிக் கணப்புல போட்டேன்" என்றாள் மெதுவாக. "ஏன், அதுக்குச் சூடு ஆகாதா?"

ஆகாது. பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கியதால்தான் இத்தனை வினையும். தகடு சுருங்கியதும் புள்ளிகள் நெருங்கிவிட்டன. நெருங்கியதால், பதிமூன்று என்று அச்சிட்டிருந்த வரிசையில் இப்போது இருந்தது பதிமூன்றரையின் இடைவெளி. ஆக, அவர் கொண்டுவந்தது பதிமூன்றரையேதான். இதே தகட்டைக் கன்னிவாடியில் கழுவியிருந்தால் மொட்டை மாடிக் காற்றிலேயே காய்ந்திருக்கும். ஐப்பசியில் எல்லாவற்றையும் நெருப்பில் காட்டிப் பழகிய எங்கள் மலை வீட்டில்தான் இப்படி நடக்கும். சம்பந்தி வருகிறார் என்று வீட்டைச் சுத்தம் செய்தோம், அந்தச் சுத்தமே சம்பந்தியைத் துரத்திவிட்டது.

நான் உடனே போனை எடுத்தேன். அப்பா தடுத்தார். "போன்ல சொல்ற விசயமில்ல தாயி. பல்லு சமாச்சாரத்தக் கண்ணால பாத்தாத்தான் நம்பணும். நாளைக்கி வெள்ளனே போவோம்."

"வெறுங்கையோட போகாதீங்க" என்றாள் அம்மா. அவள் பழியைத் துடைக்க அவளுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. விடிவதற்குள் அதே பூண்டுக் குழம்பு, அதே கேரட் பொரியல், அதே பாயசம் செய்து டிபன் கேரியர் அடுக்கில் அடைத்துவிட்டாள். "அவுக மலையேறி வந்து கை நனைக்கலன்னா என்ன? நம்ம சோறு மலையெறங்கிப் போகட்டும்."

நிச்சயம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாமா என்று அம்மாவே கேட்டு, அம்மாவே பதிலும் சொல்லிக்கொண்டாள். "போறது வீட்டுக்கா? கடைக்குத்தான? வெதக்கடைக்கு யாரு வேணும்னாலும் போகலாம்."

பஸ்ஸில் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா இடுப்பில் துணிப்பட்டை கட்டியிருந்தார், வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்தார். பெருமாள்மலை தாண்டியதும் மூட்டம் விலகி, கீழே சமவெளி வெளிச்சமாகத் தெரிந்தது. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது ஸ்வெட்டரைக் கழற்றினோம். அப்பா வழி முழுக்க வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். எதற்கென்று தெரியாமல் என் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. ஏறும்போது கல்லாக இருந்த சாப்பாடு போகப்போக லேசானது மாதிரி இருந்தது.

கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வெண்டை விதை டப்பாவைத் தரையெல்லாம் கொட்டினார். கல்லாவில் அவருடைய அப்பா. எங்களைப் பார்த்தார், எழவில்லை.

"வாங்க. என்ன வெத வேணும்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. அப்பா வழியெல்லாம் தயார் செய்த பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை. "வெத வேணாங்க" என்றார். பல்லுத் தகட்டை மேஜைமேல் வைத்தார். என் ஸ்கேலை வாங்கி அதற்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அவருடைய அப்பா முதலில் தொடவில்லை. ஆனால் சேகரிக்கிறவர் ஆயிற்றே, கண் தானாகப் போனது. குனிந்தார். இரண்டு அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தார். எழுந்து போய் இரும்புப் பெட்டியிலிருந்து தன் உலோகத் தகட்டைக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"கணப்புல காய வச்சுட்டாங்க மாமா" என்றேன் நான். "சுருங்கிருச்சு. நீங்க குடுத்தது பதிமூன்றரைதான்."

"அது எனக்குத் தெரியுமேம்மா" என்றார். சிரிக்கவில்லை. அப்பாவிடம் திரும்பினார். "பல்லு தப்பாவே இருந்திருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஏமாந்து வாங்குன ஸ்டாம்பு எங்கிட்ட எத்தனையோ கெடக்கு. மருமகளுக்குன்னு சொல்லிக் குடுத்தேன். மொதல்ல அத அவ கையில குடுத்திருக்கலாம். அப்பறமா அளந்திருந்தா நானே லென்ஸப் பிடிச்சிருப்பேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க" என்றார். "கையில குடுத்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா ஒருவரிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பட்டர் பேப்பர் உறையை நான் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். இடுக்கியால் தபால்தலையை எடுத்து அதன் மேலேயே வைத்தார் அப்பா. பிறகு நான் அடுக்கைத் தூக்கி அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா குடுத்துவிட்டாங்க மாமா. எங்க வீட்டுச் சோறு. அன்னைக்கு நீங்க வந்தப்ப சாப்பிடாமப் போயிட்டீங்க. அதான் அதுவே எறங்கி வந்திருச்சு."

அவருடைய அப்பா அடுக்கைப் பார்த்தபடி இருந்தார். கடைத்தெருவில் யாரோ தக்காளி விலை கூவினார்கள். சட்டென்று எழுந்து கடையின் பின்பக்கம் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவுகிறார்.

தமிழில் கை கழுவுவது என்றால் விட்டுவிடுவது. கை நனைப்பது என்றால் ஏற்றுக்கொள்வது. இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். அவர் மகன் இந்தப் பக்கமும் நான் அந்தப் பக்கமுமாக, விதை மூட்டைகளுக்கு நடுவே மூச்சுவிடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவருடைய அப்பா திரும்பி வந்தார். முழங்கை வரை தண்ணீர் சொட்டியது. "எலைய எடுடா" என்று மகனிடம் சொன்னார், சந்தைக் குரலில். உட்காரப் போனவர் மேஜையில் இருந்த தபால்தலையைப் பார்த்தார். "இரு, இரு. மொதல்ல இத எம் மருமக கையில குடுத்துட்டு..." என்று கையை நீட்டினார்.

"ஈரக் கை!"

அப்பாதான். கடையே அதிர்ந்தது. கத்தியதோடு நிற்காமல் பாய்ந்து அவருடைய மணிக்கட்டையும் பிடித்துவிட்டார். எல்லோரும் அப்படியே நின்றோம். தபால்தலைக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் அந்த ஈரக் கை, அதைப் பிடித்த அப்பாவின் கை. இன்னொரு தடவை எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, சொட்டிய தண்ணீர் அப்பாவின் சட்டைக்கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தபால்தலையிலிருந்து கையை விலக்கியாகிவிட்டது, இனிப் பிடித்துக்கொண்டிருக்க அவசியமில்லை. ஆனால் அப்பா விடவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல சாப்பிடுங்க, சம்பந்தி" என்றார்.